சலீம் நிமிர்த்தி மாட்டிய ஹார்ட் டிஸ்க்

அன்று காலை என் ஸ்டுடியோவில் டீ குடித்துக்கொண்டே சலீம் போனில் எதையோ காட்டினான். சலீம் என் தங்கை லத்திபாவின் கணவன். கம்பத்தில் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

“மச்சான், கம்பெனிக்காரனே போட்டிருக்கான் பாரு. டிஸ்க்கப் படுக்க வச்சாலும் நிமித்தி வச்சாலும் ஒண்ணுதானாம். ஓடும்போது ஆட்டக்கூடாது, அம்புட்டுத்தான். ஒன் வீடியோ போன அன்னைக்கு சிபியூவ யாரும் நகத்துனாகளா?”

“இல்லையே.”

“அப்ப என் கை ராசிதான் போல,” என்று சிரித்தான். கிளாஸை வைத்துவிட்டு குமுளிக்கு வண்டியை எடுத்தான். லோயர்கேம்ப் தாண்டி மலை ரோட்டில் லாரி மோதி, அங்கேயே போய்விட்டான்.

நகர்த்தியது நான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் ஸ்டுடியோவுக்குச் சாம்பிராணி போடுவேன். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சுருளிப்பட்டிக் கல்யாண வீடியோவின் எடிட்டிங் ஓடிக்கொண்டிருந்தது; கேமரா கார்டை ஏற்கெனவே அழித்திருந்தேன். பின்பக்கமும் புகை போகட்டும் என்று, ஒரு கையில் சட்டியோடு மறு கையால் ஓடுகிற சிபியூவை இழுத்தேன். பலகையிலிருந்து சரிந்து தரையில் இடித்தது. உள்ளே டக் டக் என்று சத்தம். வீடியோ மொத்தமும் போனது.

பெண்ணின் அப்பா பாண்டியராஜன் வந்து சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார். “இடம் பத்தலன்னு மெக்கானிக் டிஸ்க்க நிமித்தி மாட்டிட்டாருங்க. படுக்க வச்சிருந்தா போயிருக்காது,” என்றேன். எங்கோ காதில் விழுந்த பேச்சு, வாயில் வந்துவிட்டது. அது ஊருக்குள் பரவியது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள், சலீம் தங்களுக்கு நிமிர்த்தி மாட்டிய டிஸ்க்கும் படுக்கட்டும் என்று சிபியூக்களையே படுக்கப் போட்டார்கள். சலீமைக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் அவன் வேலை தேடி குமுளிக்குப் போக ஆரம்பித்தான்.

சலீமின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் லத்திபாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அவுக கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல அண்ணே. எங்கிட்டச் சொல்லி என்ன? கடைக்காரவுககிட்டப் போய்ச் சொல்லு.”

போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டி முழுவதும் கேட்டுவிட்டுத் தோளில் தட்டினார்.

“ஏலே அக்பரு, செத்துப்போன மச்சானுக்காகப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிறியாக்கும்? பெரிய மனசுடா ஒனக்கு.”

“இல்லண்ணே, நெசமாவே நான்தான் இழுத்துத் தள்ளுனேன்.”

“சரி சரி, டீயக் குடி.”

மற்ற இரண்டு கடைகளிலும் இதே கதைதான். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் தலையைக் குனிந்தேன். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று ஸ்டுடியோக்களிலும் சிபியூக்கள் இன்றும் படுத்தபடியேதான் ஓடுகின்றன.