மேடையில் உரைத்த அமைதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டின் மாசித் திங்களில் ஒரு மாலைப்பொழுது. காவிரிக்கு அப்பாலுள்ள மலைகளில் கதிரவன் சாய, காட்டில் மேய்ந்து திரும்பிய ஆட்டு மந்தைகள் எழுப்பிய செம்புழுதி பென்னாகரத்துத் தெருக்களின்மேல் மெல்லிய துகிலெனப் படர, கடைவீதியை அடுத்த திடலில் ஏரியூரிலிருந்தும் இண்டூரிலிருந்தும் வந்த உழவர்கள் நாட்டை ஆளும் கட்சியின் தலைவர் ஒருவரின் உரை கேட்கக் குழுமியிருந்தனர்.

அக்கூட்டத்தின் நடுவே, அன்பரே, மனைவியோடு நின்றிருந்தான் சின்னப்பராஜ் என்னும் படைவீரன். அமைதி காக்கவென்று கடல் கடந்த தீவிற்கு அனுப்பப்பட்ட படையிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவன், நான்கு நாளில் மீண்டும் அங்கே செல்ல வேண்டியவன். "அங்க சண்டை எதுவும் இல்லீங்களே?" என்று மனைவி இசபெல்லா வினவியபோதெல்லாம், "அரிசி மூட்டைதான் எறக்கறோம்" என்று கூறி, அப்பொய்யைக் காற்றில் ஏற்றிய விளக்கைப்போல் அணையாது காத்து வந்தான்.

நிகழ்ந்ததோ வேறு. ஐப்பசியில் ஒரு நண்பகல், அத்தீவின் தமிழர் ஊர் ஒன்றில், தமிழன் என்பதால் மேலதிகாரிகள் அவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தனர். "வெளியே வாருங்கள், தீங்கொன்றும் நேராது" என்று அவன் அழைக்க, தம் மொழியை நம்பிக் கைக்குழந்தைகளோடு மக்கள் தெருவில் இறங்கினர். எத்திசையிலிருந்தோ துப்பாக்கிகள் வெடிக்க, எவருடைய குண்டென்று எவரும் அறியாதபடி ஒன்பது பேர் வீழ்ந்தனர்.

மேடையில் தலைவர் முழங்கினார்: "அங்கே போர் என்பது பகைவரின் கட்டுக்கதை. நம் பிள்ளைகள் ஒரு குண்டும் சுடவில்லை. ஐயமிருந்தால் உங்கள் ஊர் வீரனையே கேளுங்கள்."

பல கைகள் அவனை மேடையேற்றின. வலையிற்பட்ட மானென அவன் சுற்றிலும் நோக்க, மேடையோரத்தில் காவலர் நின்றனர். முன்வரிசையில் ஒருவர் அவன் பெயரைக் கேட்டு ஏட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

"அங்க அமைதியாத்தான் இருக்குதுங்க" என்றான். கையொலி மழையெனப் பொழிந்தது.

கூட்டம் கலைந்தபின், காசியம்மாள் என்னும் ஏரியூர் உழத்தி அவனைத் தேடி வந்து, அவன் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். "எம் மவன் தர்மனும் பட்டாளத்துலதான் இருக்கறான் தம்பி. வர்ற வாரம் அங்க கப்பல் ஏறறான். பயத்துல எனக்குச் சோறு எறங்கல. நீ சொன்னதும் நெஞ்சு ஆறிப்போச்சு."

அன்று தன் குரலை நம்பித் தெருவில் இறங்கியவர் முகங்கள் யாவும் அவ்வொரு முகத்தில் தோன்ற, சின்னப்பராஜ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"பொய் சொல்லிட்டேங்க. அங்க போர்தான் நடக்குது. நாங்களும் சுடறோம். நான் கூப்பிட்டு வந்தவங்களே செத்தாங்க."

அவள் சினக்கவில்லை, பற்றிய கைகளை விடவுமில்லை. "அவனப் போகாம நிறுத்த முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்படின்னா தெரிஞ்சே அனுப்பறேன்" என்று கூறி, பேருந்து நிலையம் நோக்கி மெல்ல நடந்தாள். கணவனுக்குப் பின்னால் நின்று யாவும் கேட்டிருந்த இசபெல்லா, அவன் முகத்தை ஏறிட்டு நோக்காமலே, "நீங்களும் போய்த்தான் ஆவணுங்களா?" என்றாள்.

ஆள்வோர் புனைந்த பொய் ஆயிரம் செவிகளில் ஏறுவதற்கு அஞ்சிய ஒருவனின் நா போதுமானதாயிற்று. அதனைத் திரும்பப் பெற அவன் துணிந்த வேளையிலோ, அவ்வாயிரவரும் மனநிறைவோடு வீடு திரும்பியிருக்க, கேட்பதற்கு எஞ்சி நின்றோர் இரு பெண்களே.