நிறுத்தாமல் நாற்பது நிமிடம்

"சார், ஏழாம் நம்பர் வண்டிக்கு நாற்பது நிமிஷம் வேணும். காலி வண்டியா, எங்கயும் நிறுத்தாம ஓட்டணும்."

கேட்டே விட்டாள். கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் கேட்டாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தச் சலவைக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, இதே கம்பெனியில் வேன் ஓட்டும் அப்பா ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அங்க நீ ஆபீசு, நான் டிரைவரு. எனக்குன்னோ என் வண்டிக்குன்னோ வாயைத் தொறந்து எதுவும் கேக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணிகூட." அப்படித்தான் இருந்தாள். பதினோரு டிரைவர்களுக்கும் காலையில் பயணத் தாளை நீட்டும்போது அவருக்கும் நீட்டுவாள். அவரும் மற்றவர்களைப் போலவே வாங்கிக்கொண்டு "சரிங்க மேடம்" என்பார். முதல் தடவை அந்த மேடத்தைக் கேட்டு, அடுத்த டிரைவருக்கு வேறு ஒருவரின் தாளை நீட்டிவிட்டாள். அப்புறம் பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடுகிறது என்பதுதான் இந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காத விஷயம்.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நாற்பது நிமிஷமா? எதுக்கும்மா, வண்டி காத்து வாங்கப் போகுதா?"

"கரியை எரிக்கணும் சார்."

விளக்கினாள். அவளுக்கே அன்று காலையில்தான் முழுதாகப் புரிந்திருந்தது. பயணத் தாளைக் கொடுக்கக் கீழே போனவள், அப்பா இல்லாத நேரத்தில் ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேகமானிக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு, நகத்தளவு, கத்தரியால் ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தது. உரித்து, சாவியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குப் போய் மெக்கானிக்கைக் கேட்டாள். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கர். எந்தக் கோளாறையும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். "பழைய வண்டியெல்லாம் எருமை பாப்பா. புகையை ஊர் மூஞ்சியில விட்டுட்டு அதுபாட்டுக்குப் போகும். இந்தப் புது வண்டி அப்படியில்ல. கரியை வெளிய விடாம புகைக்குழாய்ல ஒரு ஃபில்டர்ல பிடிச்சு வச்சுக்கும். அது நிறைஞ்சா தானே சூடாகி எரிச்சுக்கணும். எரிக்கணும்னா ஒரே சீரா, நிறுத்தாம, அரை மணி முக்கால் மணி ஓடணும். நம்ம வண்டி எங்க ஓடுது? ஆஸ்பத்திரி, நிறுத்து. லாட்ஜு, நிறுத்து. அடுத்த ஆஸ்பத்திரி, நிறுத்து. பாதி எரியறப்போ அணைச்சுப்புடறோம், சூடு தாங்காம விசிறி மட்டும் கத்திக்கிட்டு சுத்தும். எரியாத டீசல் போயி இன்ஜின் ஆயில்ல கலக்குது." அளவுக்குச்சியை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஆயில் குறையும்னுதானே கேள்விப்பட்டிருக்க? இங்க ஏறுது பாரு. மோந்து பாரு." டீசல் வாடை.

இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த சார்ட்டின் முன்னால் நின்றார். கண்ணாடிச் சட்டம் போட்ட சார்ட். பதினோரு வண்டிகள், பதினோரு நிறம், காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை. அழுக்கு விரிப்புகளை எடுத்துவரும் நடை, துவைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நடை, எல்லாம் செங்கல் அடுக்கினாற்போல இடைவெளி இல்லாமல். போன வருஷம் அவள் போட்டது. முன்பு ஒரு வண்டி பதினான்கு இடத்துக்குப் போன நேரத்தில் இப்போது பத்தொன்பது இடத்துக்குப் போகிறது. நிற்கும் இடமெல்லாம் இன்ஜினை அணைக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட விதிதான்.

"இதுல நாற்பது நிமிஷம் எங்க இருக்கு, நீயே காட்டும்மா."

அவள் ஏழாம் நம்பர் வரியில் விரலை ஆறிலிருந்து ஐந்து வரை ஓட்டினாள்.

"முன்னாடி இருந்துச்சு," என்றார் அவர். குரலில் குத்தலெல்லாம் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவருங்க காரணமே இல்லாம காலி வண்டியைப் பைபாஸ்ல ஓட்டிட்டு வர்றாங்கன்னு நீதானே கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்த? தூங்கப் போறாங்க, சொந்த வேலைக்குப் போறாங்கன்னு. நல்ல கண்ணு உனக்கு. தலைமை ஆபீஸ்ல அதைத்தான் மெச்சினாங்க. இப்ப அதைத் திரும்பக் கொடுக்க முடியாதும்மா."

தன் மேசைக்குத் திரும்பி வந்து பழைய பதிவுகளைத் திறந்தாள். வெள்ளி, வண்டி ஏழு, ஒன்று பத்துக்குப் புறப்பாடு, ஒன்று ஐம்பத்தைந்துக்குத் திரும்பல், சரக்கு இல்லை. அதற்கு முந்தைய வெள்ளி, அதேதான். வண்டி மூன்று, அதேதான். வண்டி ஒன்பது, அதேதான். அப்போது இந்த வரிகளைப் பார்த்தபோது அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று நினைவிருந்தது. வீணாகும் நேரம் என்று சிவப்பில் எழுதியிருந்தாள். கோடு போட்டு அடித்திருந்தாள். அப்பாவின் வரியையும் சேர்த்துத்தான் அடித்தாள், அதில் ஒரு பெருமைகூட இருந்தது, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கவில்லை என்று. அவர்கள் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வண்டியின் கரியை எரிக்கக் கூட்டிப்போனார்கள் என்று ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. டிரைவர் ஒருத்தரையும் அவள் கேட்கவுமில்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பா முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா துண்டைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்பா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தை?"

"வெள்ளிக்கிழமை ஓட்டத்தை."

அப்பா துண்டை மடித்தார். திருப்பி மடித்தார். "மேனேஜர்கிட்ட கேட்டுட்டியாமே. மூக்கன் சொன்னான். கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன பதில் சொல்றது? அந்த மனுஷன் சார்ட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டாரு. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் நம்ம டிரைவர் பொண்ணு போட்டதுன்னு காட்டுறாரு. நான் போயி, எம்பொண்ணுக்கு விவரம் பத்தாதுங்க, அதை இறக்குங்கன்னு சொல்லவா?"

"தப்புன்னா தப்புதானே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? நேரா போயி என் தப்புன்னு நின்னிருப்ப. உன் வாயி எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு டேப் ஒட்டுவீங்களா?"

"கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு," என்றார் அப்பா. "நாள் பூரா. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சும் அது எரிஞ்சிட்டே இருந்தா எப்படி வண்டி ஓட்டறது?"

அம்மா இருவரையும் பார்த்துவிட்டு, "வண்டியைப் பத்திப் பேசறீங்களா, உங்களைப் பத்திப் பேசறீங்களா?" என்று கேட்டாள். அப்பா துண்டைத் திரும்ப வெந்நீரில் போட்டார். மகளுக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் தலையணையில் முகம் புதைத்த பிறகும் இறங்கவில்லை. படிக்க வைத்தார், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயைக் கட்டிக்கொள்வதற்கா படிக்க வைத்தார்? பட்டம் வாங்கினாலும் ஷெட்டில் நிற்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் என்று பட்டதும் இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் வண்டி படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் ஏற்றத்தில் ஆரம்பித்தது, பின்னால் நூற்றுச் சொச்சம் அழுக்கு விரிப்புகளோடு. முதலில் இழுவை போனது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாமல் அப்பா உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கம்பெனி வாசலுக்கு இரண்டு தெரு முன்னால் உள்ளே எதுவோ தட்டத் தொடங்கி, நின்றே போனது. டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் இன்ஜினைத் தின்றுவிட்டது என்றார் மூக்கர். கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். கம்பெனிக்கு வண்டி விற்றவர்களின் ஆள் ஒருவர் வந்து கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். எரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது நூற்றுப் பன்னிரண்டு தடவை என்று காட்டியது. முதல் தடவை எப்போது என்று அவள் கேட்டாள். அவர் தேதியைச் சொன்னார். சார்ட் அமலுக்கு வந்த அதே வாரம்.

"மூணும் ஒன்பதும் வரிசையில நிக்குது பாப்பா," என்றார் மூக்கர், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு மாசம் தாங்குனா பெரிசு."

மறுநாள் காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியது. வண்டி எண், தேதி, சேதம், அதற்குக் கீழே 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் என்ன வர வேண்டும் என்று தனித் தாளில் பென்சிலால் எழுதியே வைத்திருந்தார்: எச்சரிக்கை விளக்கை ஓட்டுநர் வேண்டுமென்றே மறைத்து ஓட்டியது.

"டைப் பண்ணிடும்மா. பெரியவரை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கேன், கையெழுத்துக்கு. சங்கடம்தான். ஆனா டேப் ஒட்டினது நிஜம்தானே? வேலையை விட்டெல்லாம் அனுப்ப மாட்டேன். லோடிங்ல போட்டுக்கறேன்."

லோடிங் என்றால் நனைந்த துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரிவுப் பாதையில் தள்ளிக்கொண்டு போவது. ஐம்பத்தெட்டு வயது, அந்த முழங்கால். ஆறு மாதத்தில் தானே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், யாரும் அனுப்ப வேண்டியதில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டம் சின்னது. அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போய் உட்கார்ந்து டைப் செய்தாள். காலை நேரம், கீழே துணிகளைத் தேய்க்கும் உருளைகளின் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலியின் காலில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதிகம் யோசிக்கவில்லை. அனுப்பிவிட்டு, ஒரு பிரதி அச்செடுத்து, அடியில் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து தன்னுடைய சாமான்களைப் பைக்குள் போட்டாள். ஒரு குடை, ஒரு டிபன் டப்பா, ஒரு சீப்பு. மூன்று வருஷத்துக்கு இவ்வளவுதான் சேர்ந்திருந்தது.

பத்து மணிக்கு அப்பா வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தார். முழங்கை வரை ஈரம். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை. பேனாவை மேனேஜர் நீட்டுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார்.

"எங்க போடணுங்க?"

"போடாதீங்கப்பா," என்றாள் அவள்.

அந்த அறையில் அவள் அவரை அப்பா என்றது அதுதான் முதல் தடவை. மேனேஜருக்குக்கூட அது கேட்டது. அவள் தாளை மேசைமேல் வைத்தாள். அவர் எடுத்துப் படித்தார். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் இறங்கி வந்திருந்தது: வாரம் ஒருமுறை ஓட்டுநர்கள் தங்கள் உணவு நேரத்தில் செய்துவந்த காலி ஓட்டம் புதிய பயணச் சார்ட்டினால் நிறுத்தப்பட்டது. ஃபில்டர் எரிய வழியில்லை. மூன்று, ஒன்பது எண் வண்டிகளுக்கும் இதே நிலை. நாற்பது நிமிடம் கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது. ஓட்டுநர் விளக்கை மறைத்தது உண்மை. விளக்கு எரிந்ததற்குக் காரணம் அவர் அல்ல. சார்ட் தயாரித்தவர் நான்.

"இதை அனுப்ப முடியாதும்மா," என்றார் மேனேஜர் மெதுவாக.

"ஒன்பதரைக்கே மெயில்ல போயாச்சு சார்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "மறுக்கப்பட்டதுன்னா, நானா?"

"நீங்கதான். கேட்டது நான்."

"உன் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

அப்பா மூடி திறந்த பேனாவோடு அப்படியே நின்றார். "இதுக்காம்மா..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாதவர்போல நிறுத்தினார். அவருடைய முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நிறைய இருக்கிறது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தேய்க்கும் கூடத்தின் ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு பெண்கள் ஒரு நீளமான வெள்ளை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து அதற்கடியில் புகுந்து வெளியே வந்தாள். முற்றத்தில் வண்டிகள் ஏற்றுமேடையைப் பார்த்து வரிசையாக நின்றன. மூன்றாம் நம்பர் அப்போதுதான் வந்து அணைந்திருந்தது. டிரைவர் இறங்கிப் போய்விட்டார். யாருமில்லாத அந்த வண்டியின் முன்மூடிக்கு உள்ளே விசிறி மட்டும் ஓலமிட்டுக்கொண்டு சுற்றியது. அடியிலிருந்து வந்த சூட்டில் சிமெண்டுத் தரையில் கிடந்த பஞ்சும் நூலும் எழும்பி எழும்பி விழுந்தன. அவள் அந்தச் சூட்டின் ஊடாகவே நடந்து கேட்டைத் தாண்டினாள். தெருவில் இறங்கிய பிறகும் அந்த விசிறியின் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே இருந்தது.