பன்னிரண்டு வீடும் ஐந்துக்கு ஐந்து

காலை பத்து மணிக்கெல்லாம் டன்மோர் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கையில் தாள் செருகிய அட்டையோடு ஒருத்தி வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறாளாம். கிளீவ்லாண்ட் நகரின் இந்தப் பக்கத்தில் அட்டையோடு வருகிறவள் வேறு யார்? பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகும் குழந்தைகள் நல அலுவலகத்துக்காரிதான். போன வருஷம் பின்தெருவிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள்.

ரெனெட்டா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். அவளுடைய ஏழு வயது மகள் நைலா பள்ளிவிட்டு மூன்று மணிக்கு மேல் வந்துவிடுவாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து ரெனெட்டா வந்துசேர ஐந்தாகும். நடுவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குழந்தை தனி. இன்று ரெனெட்டாவுக்கு லீவு, அதனால் வீட்டில் இருந்தாள்.

எதிர்வீட்டு மிஸ் வெர்லீன் போன் செய்தார்.

"நீ பதறாதடி. யாரும் ஒரு குறையும் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். இந்தத் தெரு சொர்க்கம், அவ்ளோதான்."

"நீங்க என்ன சொன்னீங்க, மிஸ் வெர்லீன்?"

"பக்கத்து வீட்டுக்காரங்கள நம்புவீங்களான்னு கேட்டா. உசுரையே குடுப்பேன்னேன். என் வாசல்ல கார நிறுத்துறானே அந்த ஓட்டிஸ் பய, அவன நெனச்சுக்கிட்டே சொன்னேன்டி. எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா!"

இரண்டரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ப்ரிஜிட் என்று பெயர் சொன்னாள். களைத்துப்போயிருந்தாள். பல்கலைக்கழக ஆய்வு, தெரு எப்படி இருக்கிறதென்று தெருக்காரர்களிடமே கேட்கிறோம் என்று ஒப்பித்தாள். சொல்வது எதுவும் வெளியே போகாது, ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும் என்றாள். ரெனெட்டாவின் காதில் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது.

எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து மார்க் கொடுத்தாள். ப்ரிஜிட் பேனாவை மூடினாள்.

"பன்னெண்டு வீடும் ஒரே மார்க்குங்க. ஒருத்தரும் ஒரு குறை சொல்லல. இத யாரு நம்புவா? உங்க தெருவையே ஆய்வுலேருந்து தூக்கிருவாங்க."

"தூக்கினா என்னவாம்?"

"ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்க இருக்கறதுக்கு எங்கெங்க இடம் வேணும்னு நகராட்சி இத வச்சுத்தான் பாக்கப்போகுது. உங்களுக்குத்தான் எதுவுமே வேண்டாமே."

அடப்பாவமே! இதற்கா இத்தனை பாடுபட்டுப் பொய் சொன்னோம் என்றிருந்தது ரெனெட்டாவுக்கு. ப்ரிஜிட் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். ரெனெட்டா அவளைக் கூப்பிட்டாள்.

"உள்ள வந்து உக்காருங்க. அந்தப் பதினாலாவது கேள்விய இன்னொரு தடவ கேளுங்க."

ப்ரிஜிட் தாளைப் புரட்டினாள். "இந்தத் தெருவுல ஒரு சின்னப் பிள்ளை வீட்டுல தனியா இருந்தா, அக்கம்பக்கத்துக்காரங்க கவனிச்சுக்குவாங்களா?"

ரெனெட்டா அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணேகாலுக்கு எதிர்வீட்டம்மா சோள ரொட்டி கொண்டுவருவாங்க. நாலு மணிக்கு ஓட்டிஸ் ஜன்னலத் தட்டிப் பாப்பான். அட்டையோட யாராச்சும் வந்தா மத்த பதினோரு வீடும் சேந்து பொய் சொல்லும்."

ப்ரிஜிட் நிமிர்ந்து பார்த்தாள். "அது யாரோட பிள்ளை?"

"என் பிள்ளை."

கதவு படாரென்று திறந்தது. "அம்மா! நீ வீட்லயா இருக்க?" என்று நைலா பையோடு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தாளின் அடியில் 'குழந்தைக்கு ஆபத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. ப்ரிஜிட்டின் பேனா அதன்மேல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மிஸ் வெர்லீன், கையில் மூடிய தட்டோடு, தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ப்ரிஜிட் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, பதினாலாவது கேள்விக்குப் பக்கத்தில் எழுதினாள்: கவனித்துக்கொள்வார்கள். ஆனாலும் இடம் வேண்டும்.