எறும்பு ஏறாத தட்டு

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தபோது தாஸும் அவன் மனைவி ஜோசபினும் தங்கள் பூனை சிங்காரியையும் மூங்கில் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார்கள். புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலை ஒன்றில் தாஸுக்கு வேலை கிடைத்திருந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வீட்டுக்காரி எல்லம்மா எதிர்வீட்டில் இருந்தாள். பூனையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். ஆனாலும், "எலி புடிச்சா இருந்துட்டுப் போவுது" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

சிங்காரி எலி பிடித்தது. ஆனால் தண்ணீரைத் தொடவில்லை.

ஊரில் குழாயடியில் தேங்கும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பூனை அது. இங்கே ஜோசபின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்தாள். சிங்காரி செம்புக்குள் தலையை விடும். மீசை இரண்டு பக்கமும் இடிக்கும். தலையை உருவிக்கொண்டு போய்விடும். நாளாக நாளாக உடம்பு இளைத்தது. மண்ணைத் தோண்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்தாலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்து மருந்து கொடுத்தார்.

"மருந்து மட்டும் போதாது. தண்ணி உள்ளே போகணும். போகலைன்னா பிழைக்காது" என்றார்.

அந்த வாரமே இன்னொரு தொல்லையும் வந்தது. சிங்காரி தின்னத் தின்ன அலுமினியத் தட்டு சிவப்புத் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. பாதிச் சோறு கீழே சிந்த, எறும்புகள் வந்து மொய்த்தன. எல்லம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா ஜோசபின், உன் பூனைத் தட்டால எறும்பெல்லாம் என் அரிசி மூட்டைக்கு வருது. பேடம்மா, வேணவே வேணாம், எனக்கு இது சரிப்படாது. பூனையை எங்கியாவது உட்டுடு. இல்லேன்னா வேற வூடு பாத்துக்க."

"கொஞ்சம் டைம் குடுங்கக்கா. எறும்பு வராம நான் பாத்துக்கிறேன்."

"அமாவாசைக்கு வந்து பாப்பேன். தட்டுல ஒரு எறும்பு இருந்தாலும் பேச்சே கெடையாது."

வேலை முடிந்து வந்த தாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊர்ல எங்கக்கா வூட்ல உட்டுடலாமா?" என்றான்.

"இந்த ஒடம்போட ரயில்ல ஏத்தினா ஊருக்கு உசுரோட போய்ச் சேராது" என்றாள் ஜோசபின். தாய் செத்துப்போன குட்டியைப் பாலில் நனைத்த துணியை உறிஞ்ச வைத்து வளர்த்தவள் அவள்.

வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் அவள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எனாமல் தட்டில் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறி வாடை அடித்தது. பித்தளைக் கிண்ணத்தில் தயிர்சோறு வைத்தால் களிம்பு பூத்தது. கொட்டாங்கச்சியை எவ்வளவு தேய்த்தாலும் மீன் நாற்றம் போகவில்லை. தண்ணீரை எதில் ஊற்றினாலும் சிங்காரி முகர்ந்துவிட்டு விலகியது.

ஒருநாள் மழை பெய்து விட்டபின் முற்றத்துக்கு வந்த ஜோசபின் அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் உடைந்து கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் குழியில் சிங்காரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அகலமான குழி, மீசை எங்கும் இடிக்கவில்லை. கனமான கல், அசையவில்லை. பக்கத்தில் சோறும் இல்லை. இத்தனை நாள் பூனைக்கு வேண்டியது என்னவென்று பூனையையே பார்க்காமல், பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

மறுநாளே பஸ் ஏறி, குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்குப் போனாள். சூளைக்குப் பக்கத்தில் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலி அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அகல் கேட்டு வருவாங்க, பூந்தொட்டி கேட்டு வருவாங்க. பூனைக்குத் தட்டு கேட்டு நீதான்மா மொதல்ல வந்திருக்கே."

"தண்ணிக்கு அகலமா, ஆழமில்லாம, கனமா ஒண்ணு வேணுங்க. சோத்துக்கும் அதே மாதிரி ஒண்ணு."

"தண்ணிக்கு மண்ணு நல்லது, ஜில்லுனு இருக்கும். சோத்துக்கு வேணாம். மண்ணு மீன் வாடையை உறிஞ்சிக்கும்."

"அப்போ சோத்துக்குப் பீங்கான் தட்டு வாங்கிக்கிறேன். அதை வெக்கிறதுக்கு ஒரு மேடை செய்வீங்களா? மேடையைச் சுத்தி அகழி மாதிரி தண்ணி நிக்கணும். எறும்பு தாண்டக்கூடாது."

தங்கவயல் பங்களாக்களில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பதைச் சிறுவயதில் பார்த்திருந்தாள். ஈரத் தரையில் விரலால் படம் போட்டுக் காட்டினாள். பாஞ்சாலி குனிந்து பார்த்து, அகழியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக் கோடு இழுத்தாள்.

சூளை பிரித்ததும் தண்ணீர்த் தொட்டியையும் மேடையையும், கடையில் ஒரு பீங்கான் தட்டையும் வாங்கிவந்தாள். தண்ணீர்த் தொட்டியைச் சோற்றிடத்துக்கு எதிர்மூலையில், ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகட்டுமென்று முந்தின நாளே பிடித்து வைத்திருந்ததை ஊற்றினாள். சிங்காரி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. குனிந்தது. நாக்கு தண்ணீரில் படும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த தாஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பூனை வாயை நக்கிக்கொண்டு நிமிர்ந்தபின்தான், "குடிச்சிடுச்சு ஜோசு" என்றான்.

மேடைதான் ஏமாற்றியது. காலையில் பார்த்தால் அகழியில் தண்ணீர் இல்லை, தரையெல்லாம் ஈரம். தொட்டியைவிட மெல்லியதாக இருந்த அகழிச் சுவர் அவ்வளவையும் கசியவிட்டிருந்தது. அமாவாசை நெருங்கிவிட்டது. ஜோசபின் மேடையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஓடினாள். பாஞ்சாலி மெழுகைக் காய்ச்சி, அகழியின் உட்புறம் முழுக்கத் தடவிக் கொடுத்தாள். இந்த முறை தண்ணீர் நின்றது.

அதன்பின் ஜோசபின் ஒரு வேளையும் தவறவில்லை. சிங்காரி தின்று முடித்ததும் பீங்கான் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் கவிழ்ப்பாள். தண்ணீர்த் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்து, தினமும் புதுத் தண்ணீர் நிரப்புவாள். அகழியில் சோற்றுப் பருக்கை விழுந்தால் உடனே எடுத்துவிடுவாள். அது எறும்புக்குப் பாலமாகிவிடக் கூடாதே.

அமாவாசையன்று எல்லம்மா வந்தாள். கையில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. பேசாமல் அதைப் பீங்கான் தட்டின் நடுவில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடினார்கள்.

எறும்புகள் வந்தன. அகழி விளிம்பில் ஏறின, தண்ணீரைத் தொட்டுத் திரும்பின, சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றுகூட வெல்லத்தை எட்டவில்லை.

எல்லம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். ஜோசபின் மெதுவாக, "அக்கா, இதுங்க எங்கிருந்து வருதுன்னு பாப்பமா?" என்றாள்.

வரிசை வாசற்படியைத் தாண்டி, முற்றத்துச் சுவரோரமாகப் போய், எல்லம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தது. எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால், மூடி விலகியிருந்த வெல்லப்பானை கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. பானையடியில் சுவர் விரிசலில் புற்றே இருந்தது.

எல்லம்மா பானையைப் பார்த்தாள், ஜோசபினைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என் வூட்டு எறும்பு உன் பூனை சோத்துக்கு வந்திருக்கு. நான் உன்னைத் திட்டிக்கினு இருந்திருக்கேன்."

"வுடுங்கக்கா."

"பூனை இருக்கட்டும்மா. நீயும் எங்கியும் போவாதே. அந்த மேடை எங்க செஞ்சே? வெல்லப்பானை வெக்க எனக்கொண்ணு வேணும், பெரிசா."

அடுத்த நாள் பாட்டரி டவுன் பஸ்ஸில் ஜோசபினுக்குப் பக்கத்தில் எல்லம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டில் இருந்த அம்மாளிடம் அகழி கட்டிய மேடையைப் பற்றிக் கன்னடத்தில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். யாருடைய பூனை என்று அந்த அம்மாள் கேட்டதும் எல்லம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நம்ம வூட்டுப் பூனைதான்" என்றாள்.

ஜோசபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்த சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.