சுழலும் அட்டையில் ஒரு தோப்புக்கரணம்

வேப்பந்தட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற வீரமணி, கல்யாண மண்டபத்தில் குறுக்கே போன நாயைக்கூட அழகாகப் படம் பிடித்துவிடுவான். மச்சான் கல்யாண ஆல்பத்தில் ஊரே இருந்தது. அவன் பின்னாலேயே லைட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்டாட்டி தேவயானி மட்டும் ஒரு படத்திலும் இல்லை. விளக்குக்கு அடியில்தானே இருட்டு! அவளுக்கு அது கூடப் பிறந்த தம்பி கல்யாணம். கோபித்துக்கொண்டு வரதராஜன்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை.

வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற சாமர்த்தியம் இருந்தால் அவன் ஏன் கேமராவுக்குப் பின்னால் ஒளிகிறான்? யூடியூபில் தேடி, சினிமா பிறப்பதற்கு முந்தைய விளையாட்டுச் சாமான் ஒன்றைப் பிடித்தான். வட்ட அட்டை, ஓரத்தில் வரிசையாகக் கீறல்கள், உள்ளே சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் படங்கள். கண்ணாடி முன்னால் சுழற்றினால் படம் அசையும். தானே தோப்புக்கரணம் போடுகிற மாதிரி தன் படங்களை எடுத்து ஒட்டினான். தன் மூளையை மெச்சித் தனக்கே ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துக்கொண்டான்.

மாமியார் வீட்டு பீரோக் கண்ணாடி முன்னால் அட்டையைச் சுழற்றினான்.

"ஒண்ணும் தெரியல. சாணி கரைச்ச மாதிரி இருக்கு," என்றாள் தேவயானி.

"அட்டைக்குப் பின்னால நின்னு, கீறல் வழியா கண்ணாடியப் பாரு. ஒவ்வொரு படமா கண்ணுல பட்டுப் பட்டு மறையும். கண்ணே அத சேத்துக்கும்."

பார்த்தாள். கண்ணாடிக்குள் குட்டி வீரமணி காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தான், உட்கார்ந்து எழுந்தான், ஓயவே இல்லை.

"அடப்பாவமே, மாப்ளைக்கு மூச்சு வாங்குமே!" மாமியார் பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தேவயானி சிரிக்கவில்லை. அட்டையைப் பிடித்து நிறுத்தி, படங்களை உற்றுப் பார்த்தாள்.

"உக்காரும்போதும் எந்திரிக்கும்போதும் ஒரே மூஞ்சியா இருக்கே. நெசமா எத்தன போட்டீங்க?"

"ஒண்ணுகூட முழுசா இல்ல. உக்காந்தத மட்டும் எடுத்து, எந்திரிக்கிறதுக்கு அதையே திருப்பி ஒட்டிட்டேன்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களா? நேர்ல ஒண்ணே ஒண்ணு போடுங்க, பாப்போம்."

மாமியார் பார்க்க, ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பார்க்க, காதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். முட்டி பிடித்துக்கொண்டது. எந்தப் படத்தைத் திருப்பி ஒட்டி இப்போது எழுந்திருப்பது? மானம் கப்பலேறியது. ஒளிய கேமராவும் இல்லை.

"தேவா," என்றான் உட்கார்ந்தபடியே. "ஊரையே எடுத்தேன், ஒன்ன எடுக்கல. தப்புதான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"எந்திரிங்க. பஸ்ஸு போயிடும்."