கண் மூடிய படங்கள்

செம்பாக்கத்தில் ஒரு சர்ச்சின் அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுக் கச்சேரி. அதைப் படம் எடுக்கப்போவதாகத் தபஸ்ஸும் சொன்னபோது அவளுடைய மாமா பாட்சா கேட்டது ஒரே கேள்விதான்.

“பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு?”

“பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் இல்ல மாமா. பாடுறவங்க, வாசிக்கிறவங்க.”

“அப்ப யாரைத்தான் எடுப்பே?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான். நிக்காஹ்களில் ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார், பெண்கள் பக்கம் தபஸ்ஸும். பெண்களை எடுக்கப் பெண்ணே வேண்டுமென்று பொழிச்சலூர், பம்மலிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். அவளுக்குத்தான் அலுத்துவிட்டது. கேமராவைத் தூக்கினால் போதும், அத்தனை பேரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்து நிற்கிறார்கள். தன்னைக் கண்டுகொள்ளாத மனிதர்களை ஒரு நாளாவது எடுக்க வேண்டும் என்று தோழி சுஜியிடம் புலம்பிக்கொண்டே இருப்பாள்.

சுஜி பாடகி. அவளுடைய பேண்டின் பெயர் ‘ரெண்டாம் பிளாட்பாரம்’. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்து சிநேகமானவர்கள் சேர்ந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். சுஜியின் அண்ணன் ஆரோன்தான் கிடார், கணக்கு வழக்கு எல்லாம். அவன் தபஸ்ஸுமிடம் கறாராகவே பேசினான். அடுத்த மாதம் சிட்டியில் பெரிய ஹால் ஒன்றில் கச்சேரி இருக்கிறது, மேடைக்குக் கீழே நின்று எடுக்க ஒரே ஆளுக்குத்தான் பாஸ் தருவார்கள். செம்பாக்கத்துப் படம் நன்றாக வந்தால் அந்தப் பாஸ் அவளுக்கு. இல்லையென்றால் சிட்டியிலேயே ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். தபஸ்ஸும் சரி என்றாள். இந்த வேலைக்குள் நுழைய அவளுக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதான்.

பண்டிகையன்று சாயங்காலம் சர்ச் மைதானத்தில் பஜ்ஜிக் கடை, பிரியாணிக் கடை, பிள்ளைகளின் ராட்டினம் என்று ஒரே கும்பல். பாட்டு ஆரம்பித்ததும் தபஸ்ஸும் மேடைக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டாள். கல்யாண மேடையில் அவள் நிற்கிற இடம் அதுதான். பளீர் பளீர் என்று ஃபிளாஷ் அடித்தது. ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு கேமராவின் திரையில் பார்த்தாள். சுஜியின் கண் மூடியிருந்தால் அங்கேயே அழித்தாள். மெமரி கார்டு சின்னது, வீணாய்ப் போன படத்துக்கு அதில் இடம் கிடையாது. ஆல்பத்தில் மணப்பெண் ஒரே ஒரு படத்தில் கண்ணை மூடியிருந்தால் போதும், பெண் தூங்குகிறாளா என்று கேட்டு மொத்த ஆல்பத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பழகிய கை அது.

சுஜியோ பாட ஆரம்பித்தால் கண்ணைத் திறக்கவே மாட்டாள். தபஸ்ஸும் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு வரிக்கு நடுவில், “சுஜி, இங்க பாரு” என்று குரல் கொடுத்தாள். சுஜி திடுக்கிட்டு விழித்தாள். அடுத்த வரி காணாமல் போயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் ஜீவரத்தினம், “ஏம்மா, அப்போலேர்ந்து உன் முதுகத்தான் பாத்துட்டு இருக்கோம். கொஞ்சம் ஒதுங்கேன்” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பாதியில் ஏலம் விடுவதற்காகக் கச்சேரியை நிறுத்தினார்கள். சபையார் அறுவடைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்த பூசணிக்காயையும் வாழைத்தாரையும் ஒருவர் மைக்கில் கூவிக்கொண்டிருக்க, பேண்டுக்காரர்கள் மேடைக்குப் பின்னால் டீ குடித்தபடி கேமராவை வாங்கிப் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது டிரம்ஸ் வாசிக்கும் பொன்னுரங்கம்.

“இன்னா இது, சுஜிக்கு நிச்சயதார்த்தமா? எல்லாத்துலயும் மாப்ள வூட்டுக்காரங்களப் பாத்த மாதிரி முழிச்சிக்கினு கீது.”

சுஜி சிரிக்கவில்லை. “நான் பாடும்போது கண்ண மூடிப்பேனே. அந்தப் படம்லாம் எங்கடி?”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“கண்ணு மூடியிருந்துச்சே. வேஸ்ட் இல்லியா?”

ஆரோன் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பரவாயில்லை, இன்னும் பாதிக் கச்சேரி இருக்கிறது என்றான். சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்தான். “சார், அடுத்த மாசம் நீங்க ஃப்ரீதானே?” என்று அவன் கேட்பது தபஸ்ஸுமின் காதில் விழுந்தது.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சுஜி தன் டீயை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

“கண்ணு மூடினா என்னடி தப்பு?”

“ஆல்பம் வாங்குறவங்க திட்டுவாங்க.”

“இங்க யாருடி ஆல்பம் வாங்குறா?”

தபஸ்ஸுமுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைக் கண்டுகொள்ளாதவர்களை எடுக்க ஆசைப்பட்டு வந்தவள்தான், கண்டுகொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன்னைப் பார்க்க வைத்திருக்கிறாள்.

ஏலம் முடிந்து மறுபடி பாட்டு தொடங்கியபோது அவள் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜீவரத்தினத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “இப்ப தெரியுதா அங்கிள்?” என்று அவரிடம் கேட்டாள். கட்டைவிரல் அதன் போக்கில் அழிக்கிற பட்டனுக்கே போயிற்று. கைக்குட்டையை மடித்துக் கேமராத் திரையின் மேல் கட்டினாள். இனிப் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஆனால் கார்டில் மிச்சமிருந்த இடமோ கொஞ்சம்தான். கண்டபடி தட்ட முடியாது, காத்திருந்துதான் எடுக்க வேண்டும்.

காத்திருந்தபோதுதான் அவள் பாட்டையே கேட்டாள். குரல் மேலே போவதற்கு முன்னால் சுஜியின் தோள் லேசாக உயரும், பொன்னுரங்கம் பல்லால் உதட்டைக் கடிப்பான். அந்த நொடிக்குக் காத்திருந்து எடுத்தாள். கடைசிப் பாட்டின் நடுவில் கார்டு நிறைந்துவிட்டது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல அவளும் கை தட்டினாள்.

மறுநாள் ஆரோனும் சுஜியும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பாட்சா கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பாதிக்கு மேல் இருட்டு. பல படங்கள் ஆடிப்போயிருந்தன. அவர் ‘த்சொ த்சொ’ என்றுகொண்டே வந்தார். தபஸ்ஸும் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள்.

ஒரு படத்தில் சுஜி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் படத்தில் அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது. பின்னால் பொன்னுரங்கத்தின் குச்சி இரண்டும் வெறும் புகையாக இருந்தன.

சுஜி திரைக்குக் கிட்டே குனிந்தாள். “பாடும்போது என் மூஞ்சி எப்டியிருக்கும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது” என்றாள்.

பாட்சாவுக்கு அவள் குரல் ஒரு மாதிரியாகப் பட்டது. பெண் வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். “கவலப்படாதம்மா. வேற படத்துலேர்ந்து கண்ண வெட்டி இதுல ஒட்டிடலாம். தெறந்த கண்ணாயிடும். எத்தன கல்யாணத்துக்குப் பண்ணியிருக்கேன்.”

“அய்யோ, வேணாம் மாமா” என்றாள் தபஸ்ஸும். சுஜியும் ஆரோனும்கூட அதே சமயத்தில் வேண்டாம் என்றார்கள். பாட்சா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆரோன் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தான். இந்தத் தடவை மரத்தடிக்குப் போகவில்லை, அங்கேயே நின்று பேசினான். “சார், நேத்து கேட்டேனே, சாரி சார். எங்களுக்கு எங்க ஏரியாவுலயே ஆள் கிடைச்சிட்டாங்க.” பிறகு தபஸ்ஸுமைப் பார்த்து, “பெரிய ஹால்ல உக்காந்தெல்லாம் எடுக்க விடமாட்டாங்க. பாத்துக்கோ” என்றான்.

“குனிஞ்சி நின்னுக்கிறேன் அண்ணா.”

பாட்சா காலண்டரைப் புரட்டி, அன்றைக்குக் குரோம்பேட்டையில் நிக்காஹ் இருக்கிறதே, பெண்கள் பக்கத்தை யார் எடுப்பது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கண் மூடிய படத்தைக் காட்டி, “இதைப் பெருசா பிரிண்ட் போடவா, சின்னதா போடவா?” என்றார்.