கொள்ளும் கொஞ்சம் திட்டும்

என் அக்கா தேவானை இளைத்த கதையைச் சொன்னால்தான் குதிரை இளைத்த கதை புரியும். இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன. இரண்டுக்கும் காரணம் ஒரே கொள்ளு மூட்டை என்று அக்கா சத்தியம் செய்தாள்.

அக்கா புருஷன் துரைராஜ் மாமா கடற்கரையில் குதிரை சவாரி விடுகிறவர். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்புவார். முகூர்த்த நாள் என்றால் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் போவார். இப்போது அந்த வேலையெல்லாம் ஓர் இளங்குதிரை பார்த்துக்கொள்கிறது. மூத்த குதிரை மேனகா. அவளுக்கு வயதாகிவிட்டது, வேலை ஒன்றும் கிடையாது. நொச்சிக்குப்பத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் பின்சுவர் ஓரம் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு கடல் காற்று வாங்குவாள். நானும் அதே பிளாக்தான், ஆட்டோ ஓட்டுகிறேன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்த மரத்தடியில்தான் இருப்பேன்.

அக்காவுக்கு முன்பெல்லாம் நல்ல சரீரம். மாடி ஏறினால் பாதியில் நின்று ஊரையே திட்டிவிட்டுத்தான் மீதி ஏறுவாள். கொள்ளு சாப்பிட்டால் உடம்பு இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். நம் பக்கத்தில் இதைச் சொல்லாத ஆள் யார்? அக்கா கடைக்கெல்லாம் போகவில்லை. குதிரைக்கு வாங்கி வைத்த மூட்டையிலிருந்தே ஆழாக்கு ஆழாக்காக அள்ளினாள். இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுக் கொள்ளுக் கஞ்சி, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல் என்று இறங்கினாள். கொஞ்ச மாதத்தில் ஆளே மாறிப்போனாள். பக்கத்து வீட்டு ரூபீனா வாயைப் பிளந்தாள். அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அதே சமயம் மேனகாவும் இளைத்துக்கொண்டே வந்தாள். முதுகெலும்பு துருத்தியது, விலா வரி வரியாகத் தெரிந்தது. ஒரு நாள் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன்னையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"நான் துன்றதும் கொள்ளு, இவ துன்றதும் கொள்ளு. நானும் இளைச்சேன், இவளும் இளைச்சிட்டா. இன்னாயா, இதுகூடவா தெரியல? நாளைலேர்ந்து இவளுக்கு கொள்ளு கெடையாது."

மாமா அப்பன் பாட்டன் காலத்திலிருந்து குதிரைக்குக் கொள்ளு போட்ட குடும்பம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அக்கா சொன்ன பிறகு எங்கள் பிளாக்கில் யார் வாயைத் திறப்பார்கள்? சொல்லப்போனால் அந்தக் கணக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கொள்ளு நின்றது. வெறும் புல்தான். மேனகா தேறுவதற்குப் பதிலாக இன்னும் வற்றினாள். புல்லை வாயில் போட்டு அரைகுறையாக மென்று, உருண்டை உருண்டையாகக் கீழே துப்பினாள். "திமிர பாரு, வாங்கிப் போட்டத துப்பிகினு கீறா" என்றாள் அக்கா.

சித்திரையில் டாக்டர் ஷண்முகப்ரியா வந்தார். பிராணிகள் நலச் சங்கம் ஒன்றின் சார்பில் கடற்கரைக் குதிரைகளை அவ்வப்போது வந்து பார்க்கிறவர். மேனகாவின் மார்பைச் சுற்றி டேப் வைத்து அளந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இப்படியே விட்டா மழைக்காலம் தாங்காது. ஆடி மாசம் திரும்ப வருவேன். அதுக்குள்ள உடம்பு தேறலைன்னா, செங்கல்பட்டு தாண்டி எங்க காப்பகம் இருக்கு, அங்க கொண்டு போயிடுவோம். கண்ணு முன்னாடி சாக விட முடியாதில்ல?"

மாமா மேனகாவின் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டாக்டர் மேனகாவின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. புல்ல மெல்ல முடியல, அதான் துப்புது. கொள்ளு எப்படிக் குடுக்கறீங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கொஞ்சம்கூடக் கூசாமல், தான் இளைத்த கதையையும் அதிலிருந்து கண்டுபிடித்ததையும் பெருமையாக எடுத்துச் சொன்னாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கா பறந்துவிட்டது.

"அக்கா, நீங்க இளைச்சது கொள்ளால இல்ல. ராத்திரி சோத்த விட்டீங்களே, அதால. இது இளைச்சது மெல்ல முடியாம. கொள்ள நல்லா வேக வச்சு, அரைச்சு, தவிடு போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கூழாட்டம் குடுங்க. ஒரே தடவையில கொட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை குடுங்க."

அவர் போனதும் அக்கா ஆரம்பித்தாள். "நேத்து பொறந்த பொண்ணு. என் உடம்ப பத்தி எனக்கே சொல்ல வந்துட்சு."

மாமா வீட்டுக்குள் போனார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"யோவ், அத்த தொடாத! அது இட்லிக்கு ஆட்டறது!"

"அவள அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது தேவானை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா படியிறங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்கா பேச்சை மீறியது அதுதான் முதல் தடவை. அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். மேனகா சாப்பிட்டால்தானே! மாமா வேக வைத்து, ஆட்டி, பக்குவமாகக் கலந்து, "என் கண்ணுல்ல, என் செல்லம்ல" என்று கழுத்தைத் தடவிக்கொண்டே கூழ் இருந்த பிளாஸ்டிக் பேசினை நீட்டுவார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெல்லம் போட்டுப் பார்த்தார், வாழைப்பழம் பிசைந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்தால் பெரிது. மாமா இளங்குதிரையைக்கூட வெளியே ஓட்டாமல் மரத்தடியிலேயே கிடந்தார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "செங்கல்பட்டு நல்ல எடம்தான் மாமா, காத்தோட்டமா இருக்கும்" என்று உளறினேன். அவர் பார்த்த பார்வையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு அடையாறு பக்கம் போய்விட்டேன்.

ஒரு சாயங்காலம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் கிரைண்டரில் ஆட்டியது வீணாகிறதே என்ற ஆத்திரம். விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"ஏண்டி கஸ்மாலம்! மகாராணிக்கு இது எறங்காதா? மூஞ்ச திருப்பிகினு நிக்கறா பாரு! ஊர்ல அவனவன் கஞ்சிக்கு இல்லாம கீறான், ஒனக்கு வெல்லம் கேக்குதா வெல்லம்? இந்த ஆளு ஒன் பக்கத்துலயே ஒக்காந்துகினு வேலக்கி போவாம கீறாரு..."

மேனகாவின் காது இரண்டும் அக்கா பக்கம் திரும்பின. தலை தாழ்ந்தது. பேசினுக்குள் வாயை விட்டாள். அக்கா திட்டத் திட்ட அவள் சாப்பிட்டாள். அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோது அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் சாயங்காலத் தீனி அக்கா பொறுப்பு. அன்றைய ஆத்திரத்தையெல்லாம் மேனகாவிடம் கொட்டிக்கொண்டேதான் கொள்ளு வைப்பாள். கொள்ளை நிறுத்தியபோது அதுவும் நின்றுபோனது. மாமா கொஞ்சுவதோ சேணம் கட்டும்போது மட்டும்தான். ஆக, கொஞ்சினால் வேலை, திட்டினால் சாப்பாடு. மேனகாவுக்கு இவ்வளவுதான் தெரியும்.

அன்றிலிருந்து அக்கா கையில்தான் பேசின். வேளைக்கு வேளை திட்ட விஷயம் வேண்டாமா? தண்ணி லாரியைத் திட்டினாள், சின்ன வெங்காய விலையைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள். ஆள் கிடைக்காத வேளைகளில் என்னைத் திட்டினாள். ரூபீனா டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து கேட்பாள். மேனகா தனியாகச் சாப்பிட வேண்டாமே என்று அக்காவும் இரவில் தட்டில் சோறு போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவாள். மேனகாவின் விலா மெல்ல மறைந்தது. அக்காவும் பழைய அக்காவாகிக்கொண்டு வந்தாள். "அக்கா, டாக்டர் ஒனக்கும் டேப்பு வச்சி பாப்பாங்களா?" என்று கேட்டேன். செருப்பு பறந்து வந்தது.

சொன்னபடியே ஆடியில் டாக்டர் வந்தார். அக்கா அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமா பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டாக்டர் ஒரு தடவை அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"காப்பகமெல்லாம் வேணாம்ணே. இவ இங்கயே இருக்கட்டும். இந்தச் சாப்பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா விறுவிறுவென்று மாடியேறிப் போனவள், சாயங்காலம்தான் பேசினோடு இறங்கி வந்தாள்.

மேனகா காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள். அக்கா பேசினை நீட்டி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மேனகா கூழைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா அருகில் வந்தார்.

"திட்டு தேவானை. பாவம், பசியா கீறா."

அக்கா மூக்கை உறிஞ்சி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்டுவியாடி நீ? என்ன உட்டுட்டு போய்டுவியா? கால ஒடச்சிடுவேன், கய்த!"

மேனகா பேசினுக்குள் வாயை விட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.